ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈரி என்றொரு ஏரிக்கரை நகரம். குளிர்காலத்தில் அங்கே முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், அந்த ஊரின் பணக்கார வீடு ஒன்றில் பியானோ கச்சேரி. வாசித்தவர் ரஃபேல் ஜோசஃபி, அக்காலத்தின் பெரும் புகழ்பெற்ற கலைஞர். அழைப்பு வந்தவர்கள் கணப்பு எரியும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். வெளியே பனியில், ஜன்னலை ஒட்டி நின்று கறுப்பினப் பையன் ஒருவனும் கேட்டான். அவனுடைய அம்மா அந்த வீட்டில் வேலை செய்தவர்.

பனியில் நின்றதில் பையன் நோயில் விழுந்தான். காரணம் தெரிந்த அம்மா எஜமானியிடம் பேசி, இனிமேல் நடக்கும் கச்சேரிகளுக்கு வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலையை மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். கதவு திறப்பவன் உள்ளே நிற்கலாம் அல்லவா?

அந்தப் பையனின் பெயர் ஹாரி பர்லி, 1866இல் பிறந்தவர். அவருடைய அம்மா எலிசபெத் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். பிரெஞ்சும் கிரேக்கமும் அறிந்தவர். ஆனால் ஈரி நகரப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலைதான் கிடைத்தது. இதை வாசிக்கும்போது நம்மில் பலருக்கும் நம் வீட்டில், நம் தெருவில் யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வரும்.

இந்தக் கட்டுரை எழுத ஒரு கேள்விதான் காரணம். எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியின் ஒரு பகுதியைப் போட்டுக் கேட்டோம். முடிந்ததும் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "தோழர், இது அவங்க மியூசிக். கோட்டு போட்டுக்கிட்டு, இருமக்கூட பயந்துக்கிட்டு உக்காந்து கேக்குறது. பறையைத் தூக்குன கைக்கு இது எதுக்கு?" யாரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்விதான். அன்றைக்கு எங்களால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் அவருக்குப் பதில் சொல்வதாக இல்லை. இதே கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்ட சிலருடைய கதையைச் சொல்கிறோம்.

பர்லியின் தாத்தா ஹாமில்டன் வாட்டர்ஸ் அடிமையாகப் பிறந்து, காசு கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். கண்பார்வை மங்கிப்போனவர். ஈரி நகரத் தெருவிளக்குகளை ஏற்றுவது அவர் வேலை. பேரன் அவருக்கு வழிகாட்டியாகக் கூடவே நடப்பான். நடக்கும்போது தாத்தா தோட்டக்காட்டு அடிமைகளின் பாடல்களைப் பாடுவார். ஆக, பர்லியின் ஒரு காதில் ஜன்னல் வழியே வந்த ஐரோப்பிய பியானோ. மறு காதில் தாத்தாவின் பாட்டு. இரண்டில் எது 'தன்னுடையது' என்று அவர் குழம்பியதாகத் தெரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

1892இல் நியூயார்க் தேசிய இசைக் கல்லூரிக்குப் போனார். கறுப்பினத்தவரையும் பெண்களையும் சேர்த்துக்கொண்ட அரிதான கல்லூரி அது. நுழைவுத் தேர்வில் அவருக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. அங்கே பதிவாளராக இருந்த அம்மையார், ஈரியில் அதே பணக்கார வீட்டுக் கச்சேரிக்கு வந்து, பர்லி கதவு திறந்துவிட உள்ளே போனவர். அவர் தலையிட்டதால் இடம் கிடைத்தது. அதே ஆண்டு அந்தக் கல்லூரிக்கு இயக்குநராக வந்தவர் செக் நாட்டு இசையமைப்பாளர் அந்தோனின் துவொர்சாக், கசாப்புக் கடைக்காரரின் மகன். அவர் பர்லியைத் தன் வீட்டுக்கு அழைத்து அடிமைகளின் பாடல்களைப் பாடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். 1893இல், அமெரிக்காவின் எதிர்கால இசை கறுப்பர்களின் பாடல்கள் மீதுதான் எழும்ப வேண்டும் என்று செய்தித்தாளில் அறிவித்தார். வெள்ளை இசையமைப்பாளர்கள் பலருக்கு ஆத்திரம். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் மெக்டொவல். பர்லிக்கு இடம் வாங்கிக் கொடுத்த அதே பதிவாளரின் மகன்! வரலாறு இப்படியும் குறும்பு செய்யும்.

அந்த டிசம்பர் 16 அன்று கார்னகி அரங்கில் துவொர்சாக்கின் 'புதிய உலகிலிருந்து' சிம்பொனி அரங்கேறியது. இங்கே ஒன்றைத் திருத்தியாக வேண்டும். அதன் இரண்டாம் பகுதியில் வரும் உருக்கமான மெட்டு அடிமைகளிடமிருந்து திருடப்பட்டது என்று நம் தோழர்கள் சிலர் பகிர்வதைப் பார்க்கிறோம். அது துவொர்சாக் சொந்தமாக எழுதிய மெட்டு. பல ஆண்டுகள் கழித்து அவருடைய மாணவர் ஒருவர் அதற்கு வார்த்தை எழுதிப் பாட்டாக்கிய பிறகுதான் பழைய அடிமைப் பாடல் என்ற எண்ணம் பரவியது. நடந்த அநீதி வேறு. கேட்டு எழுதியவரின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. பாடிக் காட்டியவரின் பெயரை இசை மாணவர்களில்கூடப் பலர் அறியமாட்டார்கள். பர்லி 1894இல் நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில், வெள்ளைச் சபையாரில் சிலர் எதிர்த்தும், தனிப்பாடகராகச் சேர்ந்து 50 ஆண்டுகளுக்கு மேல் பாடினார். தாத்தாவின் பாடல்களைப் பியானோவோடு மேடையில் பாடத்தக்க வகையில் எழுதி வெளியிட்டார். அந்தத் தாள்கள் பின்னால் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதற்கு வருகிறோம்.

மேடையில் ஏறுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இருக்கையில் உட்கார்ந்து கேட்பதும் ஓர் உரிமைதான் என்பதை அதிகம் பேசுவதில்லை. அதைப் பேசியவர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினாரே, கறுப்பினச் சிக்கலைத் தொடர்ந்து படித்துவருவதாகச் சொல்லி, ஐ.நா.வுக்கு அளிக்கப்பட்ட மனுவின் படியைக் கேட்டாரே, அதே டுபாய்ஸ். அவருடைய 1903ஆம் ஆண்டு நூலான 'கறுப்பின மக்களின் ஆன்மா'வில் ஒரு சிறுகதை உண்டு. ஜார்ஜியாவின் சிற்றூரிலிருந்து படிக்கப் போன ஜான் என்ற கறுப்பின இளைஞன், நியூயார்க்கில் ஒரு கூட்டத்தின் பின்னால் போய், எதற்கென்று தெரியாமலே 5 டாலர் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிவிடுகிறான். உள்ளே வாக்னரின் ஓபரா. இசை எழும்ப எழும்ப அவன் தன்னை மறக்கிறான். அப்போது தோளில் ஒரு கை விழுகிறது. பக்கத்து இருக்கை வெள்ளைக்காரர் புகார் செய்துவிட்டார். சீட்டு தவறுதலாக விற்கப்பட்டுவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று பணிவோடு சொல்லி வெளியே அனுப்புகிறார்கள். புகார் செய்தவன், ஊரில் சின்ன வயதில் அவனோடு விளையாடிய நீதிபதியின் மகன்.

கவனியுங்கள், தோழர்களே: அடிக்கவில்லை, திட்டவில்லை. காசைக்கூடத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 'தவறு நடந்துவிட்டது' என்கிறார்கள். நாகரிகமான தீண்டாமையின் மொழி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கதையின் முடிவில் அந்த வெள்ளை ஜான், கறுப்பின ஜானின் தங்கையைப் பலவந்தம் செய்ய முயல்கிறான். அண்ணன் அவனை அடித்துக் கொல்கிறான். கொலைவெறியோடு கும்பல் தேடி வரும்போது அவன் ஓடவில்லை. அன்று பாதியில் எழுப்பிவிடப்பட்ட அந்த ஓபராவின் திருமணப் பாட்டை முணுமுணுத்தபடி காத்திருக்கிறான். இசை அவனைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் டுபாய்ஸ் அந்த இசையை அவனிடமிருந்து பிடுங்கவில்லை. அந்த நூலின் ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் அடிமைப் பாடல்களின் இசைக்குறிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. கடைசி இயல் அந்தத் துயரப் பாடல்களைப் பற்றியதே. இரண்டு இசையும் ஒரே நூலில்.

1936இல் ஜெர்மனி போனபோது டுபாய்ஸ் பைராய்த் நகரின் வாக்னர் விழாவுக்கும் போனார். நம் மக்கள் கும்பல் கொலையில் செத்துக்கொண்டிருக்கும்போது ஓபரா ஒரு கேடா என்ற கேள்வியைத் தானே எடுத்துக்கொண்டு, 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் தன் பக்கத்து நியாயத்தை எழுதினார். எங்கள் தம்பியின் கேள்வியேதான். வாக்னர் யூத வெறுப்பாளர், அன்றைய ஜெர்மனி ஹிட்லருடையது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே யூதர்கள் படும் பாட்டையும் டுபாய்ஸ் எழுதினார். அவருடைய அந்தப் பயணத்தில் எங்களுக்கும் நெருடல் உண்டு.

கேட்கும் ஆசை தனியாள் ஆசையாக நின்றிருந்தால் வரலாறாகியிருக்காது. கறுப்பின மக்கள் அதை அமைப்பாக்கினார்கள். 1901இல் வாஷிங்டனில், கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த இங்கிலாந்து இசையமைப்பாளர் கோல்ரிட்ஜ்-டெய்லரின் பெயரில் ஒரு பாடகர் குழுவைத் தொடங்கி, அவருடைய இசையைப் பயின்று, 1904இல் அவரையே கப்பலில் வரவழைத்து நடத்த வைத்தார்கள். 1919இல் சிகாகோவில் நீக்ரோ இசைக் கலைஞர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோரா ஹோல்ட், 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையில் செவ்வியல் இசை விமர்சனம் எழுதியவர். யோசித்துப் பாருங்கள்: கும்பல் கொலைச் செய்திகளைத் தலைப்பில் போடும் பத்திரிகை, உள்பக்கத்தில் நேற்றைய கச்சேரி எப்படி இருந்தது என்றும் எழுதுகிறது. இரண்டும் தன் வாசகருக்குத் தேவை என்று அது நினைத்தது.

இந்தச் சிகாகோவுக்குத்தான் 1927இல் ஃபுளோரன்ஸ் பிரைஸ் வந்து சேர்ந்தார். 1887இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் பல் மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் சேர்த்தபோது, அம்மா சொந்த ஊர் என்ற இடத்தில் மெக்சிகோவின் ஓர் ஊர்ப் பெயரை எழுத வைத்தார். கறுப்பினம் என்பதை மறைக்கத்தான். (ஊர்ப் பெயரைக் கேட்டால் பக்கத்து ஊரைச் சொல்லும் பழக்கம் நமக்குத் தெரியாததா?) 1906இல் படிப்பை முடித்து ஊர் திரும்பிக் கற்பித்தார். ஆர்கன்சா இசை ஆசிரியர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. 1927 மே மாதம் லிட்டில் ராக்கில் கறுப்பினத்தவர் ஒருவரைக் கும்பல் தூக்கிலிட்டுச் சுட்டுக் கொன்று, கறுப்பினக் கடைத்தெரு நடுவே உடலை எரித்தது. அந்த ஆண்டே குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது.

சிகாகோவிலும் வாழ்க்கை எளிதாக இல்லை. மணமுறிவு, இரண்டு பெண் குழந்தைகள், ஊமைப் படங்களுக்கு ஆர்கன் வாசிக்கும் கூலி, வானொலி விளம்பரத்துக்கு மெட்டுப் போடும் வேலை. 1931இல் கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்தபோதுதான் முதல் சிம்பொனிக்கு நேரம் கிடைத்தது. போட்டிக்கு அனுப்ப நாள் நெருங்கும்போதெல்லாம், எழுதத் தெரிந்த கறுப்பின இசைஞர்கள் கூடி உட்கார்ந்து அவருக்காக இசைத்தாள்களைப் படியெடுத்துத் தந்ததை அவருடைய மாணவி மார்கரெட் பாண்ட்ஸ் பிற்பாடு நினைவுகூர்ந்தார். 1932இல் வானமேக்கர் போட்டியில் அந்த சிம்பொனிக்கு முதல் பரிசு, 500 டாலர்.

1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி இசைக்குழு, ஃபிரெடரிக் ஸ்டாக் நடத்த, அதை ஆடிட்டோரியம் அரங்கில் வாசித்தது. பெரிய இசைக்குழு ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல்முறை. இந்த ஒரு வரியோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அந்த இரவின் பின்னால் இரண்டு செய்திகள் இருக்கின்றன.

ஒன்று, பணம். அந்தக் கச்சேரி நடக்க 250 டாலர் கொடுத்தவர் மாட் ராபர்ட்ஸ் ஜார்ஜ். நோரா ஹோல்ட்டுக்குப் பிறகு 'டிஃபெண்டர்' இதழில் இசை விமர்சனம் எழுதியவர், சங்கத்தின் தலைவர். பெருமந்தக் காலத்தில் 250 டாலர் சின்னத் தொகை அல்ல. வெள்ளை இசைக்குழுவின் பெருந்தன்மை என்று எழுதப்பட்ட கதைக்குள் கறுப்பினப் பெண் ரசிகர் ஒருவரின் காசு இருந்தது. கேட்க ஆசைப்பட்டவர்களே கச்சேரியை நடக்க வைத்தார்கள்.

இரண்டாவது கசப்பானது. அன்றைய நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வாசிக்கப்பட்டது ஜான் பவல் என்பவரின் 'பழைய வர்ஜீனியாவில்'. இந்த பவல் யார்? ஆங்கிலோ-சாக்சன் மன்றங்களைத் தொடங்கியவர்; கறுப்பர்-வெள்ளையர் திருமணத்தைக் குற்றமாக்கிய வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டு இனத்தூய்மைச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். கறுப்பினப் பாடகர் ரோலண்ட் ஹேய்ஸ், பியானோ வாசித்த மார்கரெட் பாண்ட்ஸ், பிரைஸ் எல்லோரும் அந்த இசையைத் தாண்டித்தான் மேடைக்கு வர வேண்டியிருந்தது. கலை சாதி பார்க்காது, இனம் பார்க்காது என்று யாராவது பேசும்போது எங்களுக்கு அந்த நிகழ்ச்சி நிரல்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த சிம்பொனியின் மூன்றாம் பகுதியைத்தான் எங்கள் வட்டத்தில் கேட்டோம். ஐரோப்பிய வழக்கப்படி அங்கே 'ஸ்கெர்ட்சோ' என்ற துள்ளலான பகுதி வரும். பிரைஸ் அதை எடுத்துவிட்டு ஜூபாவை வைத்தார். ஜூபா, அடிமைகள் தொடையிலும் மார்பிலும் கையால் தட்டி, காலால் மிதித்து ஆடிய ஆட்டம். உடம்பையே ஏன் கொட்டாக்கினார்கள்? 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடைசெய்தது. இங்கே கொட்டு அடி என்று கட்டாயப்படுத்தி இழிவாக்கினார்கள்; அங்கே அடிக்காதே என்று பிடுங்கினார்கள். பிரைஸ் ஜூபாவை சிம்பொனிக்குள் கொண்டுவந்து, கூடவே ஆப்பிரிக்க முரசுகளையும் இசைக்குழுவில் சேர்த்தார். இதைச் சொன்ன பிறகு அந்தத் தம்பி அந்தப் பகுதியை மறுபடி போடச் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

அந்தக் காலத்தில் அவர் தனியாக இல்லை. வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி' 1931இல் ராச்செஸ்டரில் அரங்கேறியது. ப்ளூஸ் மெட்டும் பான்ஜோவும் அதில் உண்டு. வில்லியம் டாசனின் 'நீக்ரோ நாட்டார் சிம்பொனி'யை 1934இல் ஸ்டோகோவ்ஸ்கி நடத்தியபோது, இடையில் கைதட்டக் கூடாது என்ற வழக்கத்தை மீறி இரண்டாம் பகுதி முடிந்ததுமே அவையோர் கைதட்டினார்கள். பிறகு அதுவும் பல ஆண்டுகள் மறக்கப்பட்டது.

மேரியன் ஆண்டர்சன் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1897இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தேவாலயச் சபையின் ஏழைகள் காசு சேர்த்து அவருக்குப் பாட்டு கற்பித்தார்கள். ஐரோப்பாவே கொண்டாடிய பிறகு, 1939இல் ஹோவர்டு பல்கலைக்கழகம் அவருடைய கச்சேரிக்காக வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கைக் கேட்டது. 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற சங்கத்துக்குச் சொந்தமான அந்த அரங்கில் வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டுமே அனுமதி. மறுத்தார்கள். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு மாலை, லிங்கன் நினைவிடத்தின் படிகளில் ஆண்டர்சன் பாடினார். 75,000 பேர் திரண்டார்கள்; வானொலியில் நாடே கேட்டது. அதே நினைவிடத்தின் 1922ஆம் ஆண்டுத் திறப்பு விழாவில் கறுப்பின மக்களைத் தனியாக ஒதுக்கி உட்கார வைத்திருந்தார்கள். இந்த முறை யாரும் யாரையும் பிரித்து நிறுத்தவில்லை.

முதல் பாட்டு நாட்டுப்பற்றுப் பாட்டு. அதில் 'நான்' என்று வரும் இடத்தை ஆண்டர்சன் 'நாம்' என்று மாற்றிப் பாடினார். பிறகு இத்தாலிய ஓபராப் பாட்டு, ஷூபர்ட், அதன்பின் அடிமைகளின் பாடல்கள். அவற்றில் ஒன்று ஹாரி பர்லி எழுதிய வடிவம். இன்னொன்று ஃபுளோரன்ஸ் பிரைஸ் எழுதிய வடிவம். ஜன்னலுக்கு வெளியே நின்றவரின் தாள் இங்கேதான் வந்து சேர்ந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1944இல், ஜார்ஜியாவின் டப்ளின் நகரில் 15 வயது மாணவர் ஒருவர் பேச்சுப் போட்டியில் ஆண்டர்சனின் அந்தப் பாட்டைச் சுட்டிப் பேசினார். ஊர் திரும்பும் பேருந்தில் வெள்ளையருக்காக அவரை இருக்கையைவிட்டு எழச் சொன்னார்கள். அட்லாண்டா வரை நின்றுகொண்டே போனார். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

இன்னொரு செய்தி அதிகம் பேசப்படாதது. தென் மாநிலங்களில் பாடும்போது ஆண்டர்சன் ஒரு நிபந்தனை வைத்தார்: கறுப்பினத்தவருக்குக் கடைசி வரிசையையோ மாடியையோ ஒதுக்கக் கூடாது, அரங்கின் முன்வரிசை முதல் பின்வரிசை வரை எல்லாப் பகுதியிலும் அவர்களுக்கு இருக்கை வேண்டும். 1950 முதல், இருக்கைகளைப் பிரித்து வைக்கும் அரங்கில் பாடவே மறுத்தார். நம்மில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அந்த இருக்கை வரைபடத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். போராட்டம் சில நேரம் அப்படி ஒரு தாளில் நடக்கும்.

1957இல் அமெரிக்க அரசின் தூதராக ஆண்டர்சன் ஆசியப் பயணம் வந்தார். டெல்லியில் காந்தி சிலை முன் பாடினார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் லிட்டில் ராக்கில், பிரைஸ் பிறந்த அதே ஊரில், ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் கொண்டுபோக ராணுவம் வர வேண்டியிருந்தது. இங்கே அதே செப்டம்பரில் பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். மாணவர்களைத் தடுத்த ஆளுநர் முன் பாடுவீர்களா என்று பயணத்தில் ஆண்டர்சனிடம் கேட்டார்கள். அது அவருக்கு உதவுமானால் மகிழ்ச்சியோடு பாடுவேன் என்றார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் முகத்தைக் கழுவ அவர் அனுப்பப்பட்டார் என்பது உண்மை. அந்தப் பதிலில் எங்களுக்கு முழு உடன்பாடும் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் பின்வாசல் வழியே அரங்குக்குள் போனவரின் பொறுமையை எடைபோடும் தகுதி நமக்கு உண்டா என்றும் யோசிக்கிறோம்.

பிரைஸ் இதையெல்லாம் பார்க்க இல்லை. 1943இல் பாஸ்டன் இசைக்குழுவின் புகழ்பெற்ற நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். தனக்கு இரண்டு தடைகள், ஒன்று பெண் என்பது, மற்றது இனம் என்று நேராகவே சொல்லி, சலுகை வேண்டாம், இசையை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டார். அவர் பிரைஸின் சிம்பொனி எதையும் வாசிக்கவே இல்லை. 1953இல் பிரைஸ் இறந்தார்.

2009இல், சிகாகோவுக்குத் தெற்கே செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் பாழடைந்த வீடொன்றைச் சீரமைக்கத் தம்பதி ஒருவர் வாங்கினார்கள். மரம் விழுந்து கூரை பொத்தலாகியிருந்தது. நனையாத பகுதியில் கட்டுக்கட்டாக இசைத்தாள்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர். அது பிரைஸின் கோடைக்கால வீடு. இரண்டு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் அந்தக் குவியலில் இருந்தன.

1945இல் எழுதிய அந்த நான்காம் சிம்பொனியை 2018 மே மாதம்தான் முதன்முதலாக மேடையில் வாசித்தார்கள். வாசித்தது ஃபோர்ட் ஸ்மித் நகரத்தின் சிறிய இசைக்குழு. ஃபோர்ட் ஸ்மித் இருப்பது ஆர்கன்சாவில், அவர் 1927இல் விட்டு ஓடிய மாநிலத்தில். அதிலும் மூன்றாம் பகுதி ஜூபாதான். வரும் சனிக்கிழமை அதைத்தான் போடப் போகிறோம். இந்த முறை ஒலிபெருக்கி கொண்டுவருவது அந்தத் தம்பியின் பொறுப்பு.